வீட்டில் கைவேலை செய்யும் பெற்றோர் வேண்டும்

சனிக்கிழமை வந்தால் எமது வீடுகளில் ஓட்டம்தான். காலையில் தமிழ் வகுப்பு, அது முடியக் கணக்கு வகுப்பு, பின்னேரம் நடனமோ வயலினோ நீச்சலோ. பிள்ளை உள்ளே படிக்கும். அப்பாவோ அம்மாவோ காருக்குள் இருந்து கைத்தொலைபேசியைப் பார்ப்பார்கள். ஒஷாவாவிலிருந்து ஸ்காபரோவுக்குப் போய்வரும் குடும்பங்களுக்குப் பாதி நாள் 401 நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும். பிள்ளைகள் நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் இந்த நலப் பக்கத்தில் நாம் ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகின்றோம். பிள்ளைகள் பார்த்திருக்க, பெற்றோராகிய நாம் கடைசியாக எந்தப் பொருளை எமது கையால் செய்து முடித்தோம்?

அன்றாடச் சமையலை இங்கே சேர்க்கவில்லை. தையல், பின்னல், மரவேலை, கடதாசி வேலை, பட்டம் கட்டுதல் போன்றவற்றையே சொல்கின்றோம். பிள்ளைகளைக் கைவேலை வகுப்புக்கு அனுப்பும் பலர், தாம் ஊசி நூலைத் தொட்டுப் பல வருடங்களாகின்றன. பிள்ளை செய்வதைவிட, பெற்றோர் செய்வதைப் பிள்ளை பார்ப்பதே முதலில் வேண்டும் என்பது எமது கருத்து.

நாம் வாழும் ஒஷாவாவே இதற்கு ஓர் உதாரணம். இந்த நகரத்தின் கார்த் தொழிலுக்கு வேர், கைவேலை தெரிந்த ஒரு தந்தைதான். ரொபேர்ட் மக்லாக்லின், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஒரு விவசாயியின் மகன். வயல் வேலைக்கிடையே கோடரிப் பிடி செதுக்கி விற்றவர். 1867இல் தன் கையால் பனிச்சறுக்கு வண்டி செய்தார். அது எனிஸ்கிலன் என்ற சிற்றூரில் குதிரை வண்டித் தொழிலாக வளர்ந்து, 1876இல் ஒஷாவாவுக்கு வந்தது. 1899இல் தொழிற்சாலை தீயில் அழிந்தபோது நகரசபை கொடுத்த 50,000 டொலர் கடனோடு மீண்டும் எழும்பினார்கள். 1907இல் மகன்மார் மோட்டார் வண்டிக் கம்பனி தொடங்கினார்கள். குதிரை வண்டியில் ஊறிய தந்தைக்கு மோட்டார் வண்டியில் முதலில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. ஆனாலும் வழி விட்டார். 1918இல் அது ஜெனரல் மோட்டர்ஸ் கனடாவின் பகுதியானது.

இந்தக் கதையைப் பணம் சேர்த்த கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நாம் அதற்குள் இருக்கும் குடும்பத்தைப் பார்க்கச் சொல்கின்றோம். வண்டிப் பட்டறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சாம், அப்பாவின் தொழிற்சாலையிலேயே இருக்கைகளுக்கு உறை தைக்கும் வேலையைப் பழகினார். இன்னொரு மகன் ஜாக் மருந்தாளராகி, கனடா ட்ரை இஞ்சிப் பானத்தை உருவாக்கினார். சாமின் மகள் இஸபெல் கனடாவின் பெயர்பெற்ற ஓவியர்களுள் ஒருவரானார். தாத்தா ரொபேர்ட்டும் முதுமையில் படம் வரைந்தார். நகர மையத்தில் உள்ள ஓவியக் கூடம் அவரது பெயரிலேயே இயங்குகின்றது. வளர்ந்தவர்களின் கைகள் ஓயாத வீட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தமக்கென ஒன்றைக் கண்டுகொண்டார்கள்.

சரி, இது நலப் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கைவேலைக்கும் வைத்தியத்துக்கும் உள்ள உறவு ரொறன்ரோவில் நூறு வருடத்துக்கு மேற்பட்டது. முதலாம் உலகப் போரில் காயப்பட்டுத் திரும்பிய படையினருக்குக் கூடை முடைதல், நெசவு போன்றவற்றைக் கற்பிப்பதற்காக, 1918இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்தது. உடல் மட்டுமன்றி மனமும் தேற வேண்டும் என்பதே நோக்கம். 1926இல் அங்கே இதற்கெனத் தனிப் பயிற்சிநெறியே தொடங்கியது. பக்கவாதம் வந்த எமது தாத்தாமாருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டவும் கரண்டி பிடிக்கவும் மீண்டும் பழக்குகிறார்களே, அந்தச் சிகிச்சையாளர்கள் இந்த வழியில் வந்தவர்களே.

பிந்திய ஆய்வுகளும் உண்டு. 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் 39 பெரியவர்கள் 45 நிமிடம் களிமண், கடதாசி, வர்ணம் கொண்டு விரும்பியதைச் செய்தார்கள். அவர்களில் சுமார் 75 வீதமானவர்களுக்கு, மன அழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் குறைந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. "எனக்குக் கை வராது" என்று ஒதுங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில் பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் கேட்டபோது, அடிக்கடி பின்னுபவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். இவை எதையும் முற்றாக நிரூபித்துவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. பின்னலை விரும்புபவர்கள்தானே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருப்பார்கள்! ஆனால் செலவு குறைந்த, கவனமாகச் செய்தால் தீங்கில்லாத ஒரு பழக்கத்துக்கு இவ்வளவு ஆதாரம் போதுமானது.

பிள்ளைகளின் நிலையைப் பார்ப்போம். 5 முதல் 17 வயது வரையானோருக்குப் பொழுதுபோக்குத் திரை நேரம் ஒரு நாளில் 2 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது என்று 2016இல் வெளியான கனடிய வழிகாட்டல் சொல்கின்றது. "தொலைபேசியை வை" என்று சொல்வது சுலபம். வைத்த பின் அந்தக் கை என்ன செய்வது? பெற்றோரின் கையிலும் தொலைபேசி இருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பேது?

இன்னொன்று இதைவிட முக்கியம். எமது பிள்ளைகள் புள்ளிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். பிழைவிடப் பயப்படுகிறார்கள். அம்மா ஒரு சட்டைக் கையைத் திருப்பித் தைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தையலை அவிழ்த்து மீண்டும் தைப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, பிழை என்பது திருத்தக்கூடிய ஒன்று என்று விளங்கும். இதை எந்த வகுப்பிலும் காசு கட்டிப் படிப்பிக்க முடியாது.

வீட்டில் இருக்கும் அம்மம்மா, அப்பம்மாவை மறக்க வேண்டாம். ஊரில் அவர்களுக்கு முற்றமும் வேலியடிப் பேச்சும் இருந்தன. இங்கே மாரி காலம் முழுக்கச் சன்னலும் தொலைக்காட்சியும்தான். கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்த கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. இங்கே பனையோலை இல்லாவிட்டால் என்ன? தடித்த கடதாசியைக் கீலங்களாக வெட்டிக் கொடுத்தால் அதே பின்னலைப் பேரப்பிள்ளைக்குக் காட்டுவார்கள். மடி, முடி, கோர், இழு, கொளுவு என்று தமிழும் கூடவே வரும். தாத்தாவிடம் பட்டம் கட்டக் கேளுங்கள். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் விதவிதமான பட்டங்கள் ஏறுவதை அறிந்தவர்கள் அவர்கள். விண் பூட்டிய பட்டம் எப்படிக் கூவும் என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் பிள்ளை எழும்பாது.

"எமக்கு நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். இரவு வேலை முடித்து வந்து படுக்கும் அப்பாவுக்கும், இரண்டு இடத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கும் நேரமில்லை என்பது உண்மை. நாம் கேட்பது கிழமையில் ஒருநாள், முக்கால் மணித்தியாலம். ஒரு வகுப்பைக் குறைத்தால்கூடக் கிடைக்கும். சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு மேசைக்குக் கிட்ட வையுங்கள். பெட்டியைத் தேடி எடுப்பதிலேயே பல திட்டங்கள் நின்றுபோகின்றன.

"நல்லாயிருக்கே, விற்கலாமே" என்று உறவினர்கள் சொல்லக்கூடும். வீட்டிலிருந்தே கேக்கும் மாலையும் மணவறை அலங்காரமும் செய்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களை நாம் மதிக்கின்றோம். ஆனால் இரவிரவாகக் கட்டளை முடிக்கும்போது அது வேலை, ஓய்வல்ல. விற்காத, படம் எடுத்துப் போடாத, யாரோடும் ஒப்பிடாத ஒரு கைவேலையும் வீட்டில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை சில:

நீரிழிவால் விரல் விறைப்பு உள்ளவர்களுக்கு ஊசி குத்துவதும் சூடான பசை சுடுவதும் தெரியாமல் போகலாம். மொட்டை ஊசி, கடதாசி வேலை அவர்களுக்கு உகந்தவை.

மணி, பொத்தான், சிறு காந்தம், பொத்தான் வடிவ பற்றரி ஆகியவை சிறு பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. காந்தத்தையோ பற்றரியையோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அரை மணிக்கு ஒருதரம் எழும்பி நடவுங்கள். மணிக்கட்டு நொந்தால் நிறுத்துங்கள். நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள்.

கைவேலை ஓடியாடி விளையாடுவதற்கு ஈடாகாது. பிள்ளைகளுக்கு நாளுக்கு 60 நிமிட உடலசைவு கட்டாயம் வேண்டும். மனச்சோர்வு பல நாள் நீடித்தால் ஊசி நூலை நம்பியிராமல் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள்.

எமது சங்கத்துக்கும் ஒரு யோசனை. மாதாந்த ஒன்றுகூடலில் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இடையே ஒரு கைவேலை மேசை போடலாம். நடத்துபவர் ஒரு மூத்தவராக இருக்கட்டும். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே இருக்க வேண்டும். போட்டியும் பரிசும் வேண்டாம். மாரியில் பட்டம் கட்டினால், மே மாதத்தில் லேக்வியூ பூங்காவில் ஏரிக் காற்றில் மின்கம்பிக்கு எட்ட நின்று ஏற்றலாம். நவராத்திரிக்குக் களிமண் பொம்மை, விளக்கீட்டுக்குச் சிட்டி, நத்தாருக்கு வெளிச்சக்கூடு என்று வருடம் முழுவதற்கும் வேலை இருக்கின்றது. கடதாசி, நூல், பசை வாங்க டொலர் கடை போதும்.

வீட்டில் தையலோ மரவேலையோ ஓலை வேலையோ தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அடுத்த ஒன்றுகூடலில் நிர்வாகக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள். வரும்போது அவர்களையும் கூட்டி வாருங்கள்.