பாட்டி கூஜா எடைக்கு, இத்தாலி ஷேக்கர் ஷோகேஸுக்கு!



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. 1950களில் இத்தாலியில் செய்த ஐஸ் வாளி, மது குலுக்கும் ஷேக்கர், கண்ணாடிக் கோப்பைகள். வெளிநாட்டில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் தேடித் தேடிச் சேர்க்கிறாராம். சேர்க்கட்டும். அதில் என்ன ஊற்றுகிறார் என்பது நான் எடுத்த பாடத்தில் இல்லை.

என் சண்டை வேறு. அதே வாரம் இன்னொருவர் கேட்டார்: "பாட்டி வீட்டுப் பித்தளை 40 கிலோ இருக்கு, காஞ்சிபுரத்துல எடைக்கு யார் நல்ல விலை தருவாங்க?" வரிசையாகப் பதில் வந்தது, கடை விலாசத்தோடு!

அந்த இத்தாலிச் சாமான்களை 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்கிறீர்கள். அந்தப் பாணிக்குப் பேர்போன அமெரிக்கத் தம்பதி சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ். நம் அரசு கேட்டு 1958இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இந்தியாவில் பார்த்த பொருள்களில் அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடியது எதைத் தெரியுமா? லோட்டாவை. நம் சொம்பு! எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றினால் எப்படி விழும் என்று தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் கண்டுபிடித்த வடிவம் என்று வியந்தார்கள். கூஜாவும் அந்த வம்சம்தான். திருகு மூடி, மேலே பிடி; ரயில் எவ்வளவு ஆடினாலும் சிந்தாது. ஷேக்கருக்கும் அதே கணக்குதானே ஐயா?

ஈயம் பூச ஆளில்லை என்பீர்கள். புளியும் மோரும் ஊற்றாதீர்கள், தண்ணீர் வையுங்கள்.

இன்னொன்று. நெசவாளர் வீட்டில் பத்திரம் தாத்தா பேரில், தறி தாத்தா பேரில், கூட்டுறவுச் சங்கக் கணக்கும் தாத்தா பேரில். தார் சுற்றியே கை தேய்ந்த பாட்டியின் பேர் எங்கே இருக்கிறது? சீர் வந்த குடத்தின் கழுத்தில், புள்ளி புள்ளியாக வெட்டி. ஒரு பழம்பொருள் கடையில் பெருமையாகச் சொன்னார்கள்: "பேர் இருந்தா தேய்ச்சுப் பாலிஷ் போட்டுடுவோம் சார், அப்பதான் விலை போகும்." அதைத்தான் உங்கள் பிள்ளைகள் நாளைக்குப் பத்து மடங்கு கொடுத்து வாங்கிப் பூ மிதக்க விடப்போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். வெட்டியிருக்கும் பேரைப் படியுங்கள். யாரென்று பெரியவர்களைக் கேட்டு, படத்தோடு குழுவில் போடுங்கள். எடைக்கடை விசாரித்த தம்பி முதலில் சொல்லட்டும், அந்த 40 கிலோவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று.