கேமராவும் ஒரு சாட்சியே



கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்கும் நாம், நமது வண்டியின் வேகத்தை அளக்கும் சாலையோரக் கேமராவைப் பற்றி அவ்வாறு கேட்பதில்லை. இரண்டுமே அளவைக் கருவிகள்தாம். தராசு தவறினால் நூறு கிராம் குறையும். கேமரா தவறினால், செய்யாத குற்றத்திற்குக் கார் ஓட்டுநர் 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம் செலுத்த நேரும்.

ரேடார் கருவி வாகனத்தின்மீது நுண்ணலையைச் செலுத்துகிறது. திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியுள்ளது என்பதைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. கருவி பொருத்தப்பட்ட கோணம் பிசகினால் கணக்கும் பிசகும். பெரிய லாரியின் உலோகப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலையும் அளவைக் குழப்பக்கூடும்.

இத்தகைய பிழைகள் நடந்தும் இருக்கின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2012ஆம் ஆண்டு, சிக்னலில் நின்றிருந்த கார் மணிக்கு 38 மைல் வேகத்தில் சென்றதாக அபராதச் சீட்டு வந்தது. கார் அசையவே இல்லை என்பதை அக்கேமரா எடுத்த படங்களே காட்டின. இத்தகைய பிழைகளால் மக்களின் நம்பிக்கை குலைந்தது. 2013இல் அந்நகரம் தன் வேகக் கேமராக்களை நிறுத்தியது.

நம் நாட்டில் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. மோட்டார் வாகன விதி 167ஏ, இக்கருவிகள் துல்லியமாக இயங்குகின்றன என்ற சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்கவும், 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பவும் பணிக்கிறது. வேகமளக்கும் ரேடார் கருவிகளைச் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற எடையளவு விதிகளும் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

இஸ்லாமிய நீதிமுறையில் காஜி, சாட்சியின் நேர்மையை விசாரித்த பின்னரே அவரது சொல்லை ஏற்பார். சந்தை அளவைகளைச் சோதிப்பது முஹ்தஸிபின் கடமையாக இருந்தது. கேமரா நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அளவைக் கருவியாகவும் இருக்கிறது. ஆகவே இரு வகையிலும் அது சோதிக்கப்பட வேண்டும். கடைக்காரர் முத்திரைச் சான்றிதழைப் பலரும் காணும் இடத்தில் வைப்பதுபோல, கருவி கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியை ஒவ்வோர் அபராத அறிவிப்பிலும் அரசு அச்சிட வேண்டும். மறைக்க ஏதுமில்லாத இடத்தில் இதற்கு என்ன தயக்கம்?

அதே வேளையில், வேகமாகச் சென்றவர் இந்த வாதத்தைக் கேடயமாக்கிக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்கும் பிள்ளையின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேமரா பழுதாக இருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது.

எனவே அறிவிப்பு வந்தால் முதலில் படத்தையும் இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். தவறு நம்முடையது என்றால் முணுமுணுக்காமல் செலுத்துங்கள். இல்லையென்றால் கருவியின் சான்றிதழைக் கேளுங்கள். அளப்பவரும் அளக்கப்படுபவரும் நேர்மையாக நடந்துகொண்டால்தான் அது நீதி.