ஆட்டு நோய்க்கு ஊசி மட்டும் போதாது

"ஊசி இருக்கிறது, அரசே இலவசமாகப் போடுகிறது. அதற்கு மேல் சட்டத்தைத் திருத்தி, சான்றிதழ், காது வில்லை, சந்தைச் சோதனை என்று ஆட்டுக்காரரை ஏன் அலைய விட வேண்டும்?" ஆட்டு நோய் விதிகளைப் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் வரும் வாதம் இது. வியாபாரிகள் சொல்கிறார்கள், சில அதிகாரிகளும் சொல்கிறார்கள். ஏழைகள் மேலுள்ள அக்கறையோடு சொல்லப்படுவதால் எளிதில் எடுபட்டும் விடுகிறது. ஆனால் பட்டியில் நடப்பது வேறு.

ஊசியிலிருந்தே தொடங்குவோம். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அதற்கு நல்ல தடுப்பூசி வந்துவிட்டது. ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டு காக்கும். அப்படியும் நோய் ஏன் போகவில்லை? வெள்ளாடு இரண்டு ஆண்டில் மூன்று முறை ஈனும். மூன்று நான்கு மாதத்தில் குட்டிக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தீர்ந்துவிடும். ஊசி போட்ட ஆடு கசாப்புக்குப் போக, ஊசியே காணாத குட்டிகள் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. எந்த ஆட்டுக்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று பார்த்தவுடன் சொல்லவும் வழியில்லை. மாட்டின் காதில் 12 இலக்க வில்லை தொங்குகிறது. சந்தைக்கு வரும் ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது.

"மாட்டு வெக்கை நோயை ஊசி போட்டுத்தானே ஒழித்தோம்?" என்று கேட்பவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். 1954இல் தேசியத் திட்டம் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கூட்டம் கூட்டமாக ஊசி போட்டும் அந்த நோய் முழுதாகப் போகவில்லை. ஊர் ஊராகக் கண்காணித்து, எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேடிப் பிடித்த பிறகே முடிவு வந்தது. நாட்டின் கடைசி வெடிப்பு 1995இல், நம் தமிழ்நாட்டில். 2011இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டது. ஊசியும் கண்காணிப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

அடுத்தது, விதிகள் ஏழையை நசுக்கும் என்ற வாதம். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. நாலு ஆடு வைத்திருக்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் காய்ச்சல். கண்ணில் பீளை, மூக்கில் வடிந்த சளி காய்ந்து துளையை அடைக்கிறது. வாயைத் திறந்தால் ஈறில் தவிடு ஒட்டியதுபோல் புண், பின்னால் கழிச்சல். மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இதை உடனே தெரிவிப்பது அவர் கடமை. மறைத்தால் 1,000 ரூபாய் வரை அபராதம் என்று அன்று எழுதிவைத்தார்கள். ஒரு குட்டி விலைகூடப் பெறாத தொகை அது. தெரிவித்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று அந்தக் கடமையோடு சேர்த்து எழுதவில்லை. எனவே அவர் அந்த மூன்றையும் வந்த விலைக்குத் தரகரிடம் தள்ளிவிடுகிறார். அவற்றில் ஒன்றின் உடம்பில் ஏற்கெனவே கிருமி இருக்கலாம், அறிகுறி தெரிய நாலைந்து நாள் பிடிக்கும். அதற்குள் அது எட்டயபுரத்துச் சந்தையிலோ அய்யலூர்ச் சந்தையிலோ கைமாறி, இன்னொரு ஏழையின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றம் அவரை அப்படி விற்கவைக்கும் விதியில் இருக்கிறது. திருத்தம் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். நோயைத் தெரிவித்தவருக்கு இழப்பீடு, அதுவும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அல்ல. ஏழைக்குப் பாதுகாப்பு தருவது அப்படிப்பட்ட விதி. பழைய விதி அவரை இருட்டில் விட்டிருக்கிறது.

புதுவிதி என்றால் எல்லாவற்றுக்கும் தடை என்ற பயமும் தேவையற்றது. நீலநாக்கு நோயைப் பரப்புவது கடிக்கும் சிறு பூச்சி. சந்தையை மூடினால் அது நிற்காது, மழைக்கு முன்பே ஊசி போட வேண்டும். துள்ளுமாரி ஆட்டுக்கு ஆடு தொற்றுவதே இல்லை. அதற்குச் சட்டம் வேண்டாம், காலத்தில் ஊசி போதும். ஆட்டுக்கொல்லிதான் ஆடு நகர நகரப் பரவும் நோய். அங்கும் வலசை போகும் கீதாரியைச் சோதனைச் சாவடியில் மறித்துவிட்டு, லாரியில் நெருக்கியடித்துப் போகும் வியாபார ஆடுகளை விட்டுவிடுவது அநியாயம். கீதாரி போகும் வழி ஊருக்கே தெரியும். கிடை போடும் இடத்திலேயே ஊசி போட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்புப்படி சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள், 45 லட்சம் செம்மறிகள். ஆட்டுக்கொல்லியை உலகத்திலிருந்தே ஒழிக்கக் குறித்த ஆண்டு 2030. சட்டத்தைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்கள் இழப்பீட்டையும் காது வில்லையையும் முதலில் எழுதட்டும். ஆடு வளர்ப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மூக்கு ஒழுகும் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டாமல், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.