பேக்கனை எடுத்துவிட்டால் ஹலாலாகிவிடுமா?

"சாண்ட்விச் அந்நியர் உணவு, நம் வீட்டுக்கு ஆகாது" என்று பெரியவர்கள் சிலர் கடிந்துரைக்கிறார்கள். "பேக்கனை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடலாம்" என்று இளைஞர்கள் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே பிழை.

அல்லாஹ் ஆகுமாக்கியதை ஹராம் என விலக்கும் அதிகாரம் நமக்கில்லை. ரொட்டியும் தக்காளியும் எந்நாட்டில் சேர்ந்தாலும் ஹலாலே. ஆனால் பி.எல்.டி.யிலிருந்து பேக்கனை உருவிவிட்டால், அந்தக் கொழுப்பு ஊறிய ரொட்டி தூய்மையாகிவிடுமா? ஃபிலடெல்ஃபியாவின் சீஸ்ஸ்டேக்கில் இருப்பது மாட்டிறைச்சிதான். அம்மாடு எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதல்லவா கேள்வி?

ஆகவே வீட்டிலேயே செய்யுங்கள். ஹலால் மாட்டிறைச்சியை மெல்லிய சீவல்களாக்கி, வெங்காயத்துடன் வதக்கி, மேலே சீஸை உருகவிட்டு, நீள ரொட்டியில் வையுங்கள், சீஸ்ஸ்டேக் ஆயிற்று. அதே சீவலை உப்பும் மிளகும் தடவி மொறுமொறுப்பாகப் பொரித்தால் பேக்கனின் இடம் நிரம்பிவிடும்.

1929இல் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாக வழங்கிய சாண்ட்விச்சே 'போ பாய்' எனப் பெயர்பெற்றது என்பர். பசித்தவருக்கு உணவளிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் நற்செயலன்றோ? அதையுமா அந்நியம் என்போம்?

பிள்ளைகளுக்குச் செய்யும்போது அண்டை வீட்டாருக்கும் ஒன்று சேர்த்துச் செய்யுங்கள்.