பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

பிழைக்கப் போன நாட்டில் தம் மொழியில் ரேடியோ நிலையம் நடத்துகிறவர்களை வைத்து, சிரிக்காத முகத்தோடு ஒரு நகைச்சுவைப் படம் எடுக்க நினைக்கும் தோழர்கள் வசனம் எழுதவே வேண்டாம். 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர் குடியேறிய ஊர்களில் எல்லாம் தமிழ் வானொலி வந்தது. லண்டனில் ஐ.பி.சி. 1997-ல் தொடங்கியது, டொரன்டோவிலும் உண்டு. இவற்றில் வாசிக்கும் மரண அறிவித்தலை அப்படியே காட்டினால் போதும். வெளியே பனி கொட்டுது. உள்ளே ஒருவர், இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று ஆரம்பித்து, மருமக்கள், பேரப்பிள்ளைகள், எந்த நாட்டில் யார் என்று ஒரே தொனியில் வாசித்துக்கொண்டே போகிறார். சாதி என்ற சொல் வராது. எதுக்கு வரணும்? ஊர்ப்பேரும் குறிச்சியும் காதில் விழுந்ததும் கேட்கிறவன் கணக்கை முடித்துவிடுவான். நம்ம சிவகிரியில் புது ஆளைப் பார்த்து 'எந்தத் தெருடே?' என்று கேட்கிறோமே, அதேதான். ஆள் விசாவுக்கு அலைந்தான். தெரு விசா இல்லாமலே விமானம் ஏறிவிட்டது.

இந்த அறிவித்தல் கொழும்பு ரேடியோவில் ஊறிய வழக்கம். அதே கொழும்பு ரேடியோதான் எழுபதுகளில் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தையும் தந்தது. 1976-ல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. ராமதாஸ் முஸ்லிம் மரிக்காராகப் பேசுவார். முஸ்லிமான அப்துல் ஹமீதோ ஐயர். சிங்கள வாடையடிக்கும் தமிழில் உபாலியாகச் செல்வசேகரன், யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ராஜகோபால். ஒருத்தன் வாயை இன்னொருத்தன் இரவல் வாங்கிப் பேசும் இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும். ஐயர் பாஷை பேச ஐயர் வேண்டியதில்லை என்று போட்டு உடைத்ததே பெரிய காரியம். ஆனால் நாற்காலி நாலுதான். தேயிலைத் தோட்டத்துக் கூலியின் பேச்சுக்கு அந்த நாலில் ஒன்றுகூட இல்லை.

யார் அந்தக் கூலி? நம்ம திருநெல்வேலி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சேரிகளில் இருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோன பள்ளர், பறையர், சக்கிலியர்தான் பெரும்பகுதி. 1948-ல் அவர்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து மனுசரை மூட்டையாக எண்ணினார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் எழுபதுகள் முழுக்கக் கொழும்பின் குரல் காற்றில் வந்து நம்ம பக்கத்து டீக்கடை பெஞ்சில் ராசாவாட்டம் உட்கார்ந்தது. அதே வருசங்களில் அதே கடலைத் தாண்டி, தோட்டத்து ஆள் தகரப்பெட்டியோடு கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினான். அவனுக்கு அந்த பெஞ்சு கிடையாது, தனிக் கிளாஸ். அங்கே தோட்டக்காட்டான், இங்கே சிலோன்காரன். கொஞ்சம் பேரை நீலகிரிக்கு ஏற்றி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறிக்க விட்டார்கள்.

அங்கே கூடை சுமந்த கிழவி ஒருத்தி செத்துப்போனால் அறிவித்தல் எப்படி எழுதுவார்கள்? பிறப்பிடம், இலங்கையில் ஒரு லயம். வதிவிடம், நீலகிரியில் ஒரு லயம். லயத்துக்கு ஊர்ப்பேர் ஏது, நம்பர்தானே.