கணனிக் களம்: ஒரு தகவலுக்கு ஓரிடம்

எமது சங்கங்கள் பலவும் இணையத்தளம் நடத்துகின்றன. தமிழில் ஒரு கோப்பு, வதியும் நாட்டு மொழியில் இன்னொன்று. சட்ட உதவி நேரமும் தொலைபேசி இலக்கமும் இரண்டிலும் தனித்தனியே எழுதப்படுகின்றன. இலக்கம் மாறும்போது ஒன்று திருத்தப்படும், மற்றையது மறக்கப்படும். இரண்டில் எது சரியென்று வாசிப்பவர் அறியார். புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்குச் சில நாட்களே எஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு இப்பிழை சிறிதன்று.

ஒரே தகவலைப் பல இடங்களில் வைத்தால் முரண்பாடு விளையக்கூடுமென ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் கொட் 1970இலேயே சுட்டிக்காட்டினார். தீர்வு எளிது: மாறக்கூடிய விபரத்தை ஒரு கோப்பில் மட்டும் வைத்து, ஏனைய பக்கங்கள் அங்கிருந்தே அதனைப் பெறும்படி அமைத்தல் வேண்டும். அது இயலாதெனில், அவ்விபரம் உள்ள பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தாலே போதும். திருத்திய திகதியையும் தவறாது குறிப்பிடுக.