கரும்புகைக்கு ரசிகர் மன்றம்

அண்ணன் மகன் லீவுக்கு வந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வந்த அன்றே மூலையில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. வயசுப் பிள்ளை, ஏதோ காதல் விவகாரமாக இருக்குமோ என்று காபி கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன்.

ரயில் எஞ்சின். அடுத்த படமும் ரயில் எஞ்சின். அதற்கடுத்ததும் அதேதான்.

"எல்லாம் ஒரே எஞ்சின்தானேடா, எதுக்கு இத்தனை படம்?"

"பிள்ளைங்க எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு, எதுக்கு ஆளுக்கொரு பேருன்னு கேப்பீங்களா அத்தை?"

அந்த ஒரு கேள்விக்காக இரண்டு மணி நேரம் பாடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. நீங்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் ரசிகர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. பள்ளிக்கூடப் பையனிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வரை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, வரப்போகிற வண்டிக்காக இல்லை, அதை இழுத்துவரும் எஞ்சினுக்காகக் காத்திருக்கிறார்கள். எஞ்சினின் நம்பர், அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது, என்ன பெயிண்ட், எல்லாவற்றையும் குறித்துவைக்கிறார்கள். பொன்மலை ஷெட் எஞ்சினுக்கு 'ஜிஓசி' என்று குறியீடு, ஈரோட்டுக்கு 'ஈடி'. ஊர்க்காரரைப் பார்த்ததும் "நம்ம பக்கம்" என்று சந்தோஷப்படுவோமே, அதுமாதிரி இவர்களுக்கு டில்லி ஸ்டேஷனில் ஒரு 'ஈடி' எஞ்சினைப் பார்த்தால் சந்தோஷம்.

இவர்களுக்குள்ளும் தனிப் பிரிவுகள் உண்டு. எங்கள் பையன் 'ஆல்கோ' கட்சி.

ஆல்கோ என்பது அமெரிக்காவில் 1901-ல் தொடங்கிய எஞ்சின் கம்பெனி. நியூயார்க் மாகாணத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் இருந்தது. அவர்கள் 1962-ல் இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கிய எஞ்சின்தான் டபிள்யூடிஎம்-2. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். டபிள்யூ என்றால் அகல ரயில்பாதை, டி என்றால் டீசல், எம் என்றால் பயணிகள் வண்டியும் இழுக்கும் சரக்கு வண்டியும் இழுக்கும். 2,600 குதிரைத்திறன், 16 சிலிண்டர், எடை சுமார் 112 டன். வாரணாசியில் தொழிற்சாலை கட்டி, 1964 ஜனவரியிலிருந்து நாமே செய்ய ஆரம்பித்தோம். அப்படி 2,000-க்கும் மேல் ஓடின. வேடிக்கை என்னவென்றால், ஆல்கோ கம்பெனி 1969-லேயே எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. பிறந்த வீடு மூடிய பிறகும் புகுந்த வீட்டில் ஐம்பது வருடம் உழைத்த மருமகள் மாதிரி, இங்கே இந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்றால், இதன் பின்னால் நிச்சயம் பயணம் செய்திருப்பீர்கள். நீளமான பெட்டிபோல் உடம்பு, ஒரு பக்கமாக ஒதுங்கிய கேபின், கிளம்பும்போது மேலே குபுகுபுவென்று கரும்புகை. ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் சட்டைக் காலரில் எண்ணெய்க் கரி படியும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸை ஒரு காலத்தில் இந்த டபிள்யூடிஎம்-2 இரண்டு ஜோடி சேர்ந்துதான் டில்லிக்கு இழுத்துப் போயின. இலங்கைக்கும் இதன் உடன்பிறப்புகள் போயின. அங்கே அவற்றுக்கு எம்-8 என்று பெயர்.

மீட்டர் கேஜில் இதன் தங்கை ஒய்டிஎம்-4. செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையேறிப் போன பழைய ரயில் ஞாபகம் இருக்கிறதா? 2010 வரை அதை இழுத்தது இவள்தான். இப்போதும் பார்க்க ஆசையாக இருந்தால் நீலகிரி ரயிலில் ஏறுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி எஞ்சின். அங்கிருந்து உதகைக்கு இழுப்பது ஒய்டிஎம்-4. எல்லாரும் நீராவி எஞ்சின் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு, குன்னூரில் இவளைக் கண்டுகொள்ளாமல் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள் என்று எங்கள் பையனுக்குப் பெரிய வருத்தம்.

"அந்தப் புகையில அப்படி என்னடா அழகு?"

பதிலுக்கு ஒரு வீடியோ காட்டினான். ஏதோ ஒரு மேட்டில் சரக்கு வண்டி ஏறுகிறது. எஞ்சின் தலைக்கு மேல் கறுப்பு மேகம். 'சக் சக் சக்' என்று மாவு மில் மாதிரி ஒரு தாளம். புதிதாக வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வகை டீசலுக்கு இந்தத் தாளம் வராதாம், அது ஒரே ஓங்காரமாக உறுமுமாம். மின்சார எஞ்சினைப் பற்றி அவன் பேசக்கூட விரும்பவில்லை.

அந்த மின்சாரம்தான் ஆல்கோக்களை ஓரங்கட்டியது. பெரும்பாலான பாதைகளில் மேலே கம்பி இழுத்தாயிற்று. 2019 பிப்ரவரியில் வாரணாசியில் பழைய டீசல் எஞ்சின்கள் இரண்டை இணைத்து 10,000 குதிரைத்திறன் மின்சார எஞ்சினாக மாற்றிக் காட்டினார்கள். ஊரெல்லாம் பாராட்டியபோது இவர்கள் கூட்டத்தில் மட்டும் துக்கம். மிச்சமிருந்த ஆல்கோக்களில் ஏராளமானவை வெட்டப்பட்டு இரும்பு விலைக்குப் போயின. டீசல் இறக்குமதிச் செலவு, புகை எல்லாம் யோசித்தால் மின்சாரம் வந்தது நல்லதுதான் என்றேன். "நல்லதுதான் அத்தை. நான் இல்லைன்னா சொன்னேன்? பாட்டி செத்தா, எண்பது வயசு ஆயிருச்சு, நல்லதுதான்னு யாராவது போட்டோவைக் கிழிப்பாங்களா?" என்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

எங்கள் வீடு பொன்மலைக்குப் பக்கம். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928 வாக்கில் இங்கே வந்தது முதல், இந்தப் பகுதியில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் ரயில்வேக்காரர் இருப்பார். எதிர்வீட்டில் இருப்பவர் அப்பாவின் சிநேகிதர், டீசல் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கு 'டிரைவர் மாமா'. இப்போது இவர்களை லோகோ பைலட் என்கிறார்கள். அவர் மட்டும் "நான் டிரைவர்தாம்மா, பைலட்டெல்லாம் ஏரோபிளேன்ல" என்பார். ரசிகனை ஹீரோவிடமே அழைத்துப் போவோம் என்று மறுநாள் காலை பையனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமாவுக்குக் காது மந்தம். மிஷின் வைத்திருக்கிறார், அது பாதி நேரம் மேஜையில்தான் இருக்கும். பையன் ஆவலாக அந்தச் சரக்கு வண்டி வீடியோவைப் போட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டி நீட்டினான். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இப்ப நாட்ச் ஏத்துறான்" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னொண்ணு ஏத்துறான். அவசரப்படுறான், சின்னப் பையன் போல."

பையன் அசந்துபோய், "காதுல மிஷின் இல்லாமயே கேக்குதா தாத்தா?" என்று கத்தினான்.

"சத்தம் எங்க கேக்குது? புகையைப் பார்த்துச் சொல்றேன்."

விளக்கினார். எஞ்சினை முடுக்கும் கைப்பிடிக்கு எட்டுப் படிகள், அதுதான் நாட்ச். ஒரு படி ஏற்றியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாயும். ஆனால் காற்றைத் தள்ளும் டர்போ, புகை போகிற வேகத்தில் சுழல்வது. அது வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை எண்ணெய் அதிகம், காற்று கம்மி. எரியாத மிச்சம்தான் கறுப்பாக மேலே வருகிறது. நிதானமாக ஏற்றினால் புகை குறையும்.

"இப்படிப் புகை விட்டுக்கிட்டுப் போனா எங்களைத் திட்டுவாங்க தம்பி. நீங்க கைதட்டுறீங்க" என்று சிரித்தார். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கேட்டார்: "உள்ள எடுத்த படம் இருக்கா?"

இல்லை. முன்பக்கம், பக்கவாட்டு, வளைவில் திரும்பும்போது, மழையில், சூரியன் சாயும்போது என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. கேபினுக்குள் எடுத்தது ஒன்றுகூட இல்லை.

"உள்ளதானேய்யா நாங்க இருந்தோம்."

அதன் பிறகு அவர் சொன்னதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் கேபின் அடுப்பாக இருக்கும். பக்கத்திலேயே பதினாறு சிலிண்டரும் இரைய, அசிஸ்டென்டும் இவரும் பேசுவதெல்லாம் கத்தல்தான். கழிவறை கிடையாது. எஞ்சின் திரும்பி மாட்டியிருந்தால் நீண்ட உடம்பு முன்னால் வந்துவிடும், கேபின் பின்னால் போய்விடும். ரசிகர்கள் அதை 'லாங் ஹுட்' என்று கொண்டாடுகிறார்கள், அந்தக் கோணத்தில் படம் கம்பீரமாக வருமாம். ஓட்டுகிறவருக்கோ எதிரே பாதி வானம் எஞ்சின்தான். மறுபக்க வளைவில் சிக்னல் தெரியாது. அசிஸ்டென்ட் எட்டிப் பார்த்து "பச்சை" என்று சொல்வதை நம்பித்தான் போக வேண்டும். ராத்திரி, மழை, மூடுபனி எல்லாவற்றிலும்.

"அப்ப உங்களுக்கு ஆல்கோ பிடிக்காதா தாத்தா?" பையன் குரல் இறங்கிவிட்டது.

"யாருப்பா சொன்னா? நடுவழியில நின்னாலும் கையை வச்சு ஏதாவது பண்ணி வீடு சேர்த்திரலாம். சொன்னாக் கேக்கும்." உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். நிறைய டைரிகள்.

வருடவாரியாக டூட்டி டைரி. தேதி, வண்டி, எஞ்சின் நம்பர், ஏறிய நேரம், இறங்கிய நேரம். மைலேஜ் அலவன்ஸில் கணக்கு இடித்தால் காட்டுவதற்காக எழுதி வைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் தூக்கிப் போடவில்லை. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, "பழைய பேப்பர்காரன் வந்தா ஒளிச்சு வச்சிருவாரு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

அப்புறம் எனக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இவன் போனில் நம்பர் படிக்க, அவர் டைரியில் விரல் வைத்துத் தேட. ஒன்று ஒத்துப்போனால் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் அமைந்தது மாதிரி ஆரவாரம். மதியம் சாப்பாடும் அங்கேயே. மொத்தம் ஏழு எஞ்சின்கள் ஒத்துப்போயின. அவர் ஓட்டி, இவன் படம் எடுத்தவை. அவற்றில் ஒன்று கடைசியாக ஏதோ ஒரு யார்டில் பெயிண்ட் உரிந்து, கண்ணாடி உடைந்து நின்ற படம். மாமா அதை மட்டும் விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். படம் எடுக்கப் போகிறேன் என்று தண்டவாளத்தில் இறங்குகிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1989-ஆம் வருட ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் பையன் பிளாட்பாரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான், நானும் நம்புகிறேன். மாமாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் டைரியை மூடியபடி, "வேகத்துல வர்ற வண்டிக்கு பிரேக் போட்டா, நிக்க ஒரு கிலோமீட்டர் போல ஆகும்மா" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது பையனைக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

"இதைத் தேடணுமா தாத்தா?"

"வேணாம். எங்கயாவது தட்டுப்பட்டா எனக்குக் காட்டாதே. அதுக்குத்தான் எழுதினேன்."

எனக்குப் புரிந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒருநாள் மாமா டூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா யாரையும் பக்கத்தில் விடவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்தபடியே ரொம்ப நேரம் இருந்தார். தண்டவாளத்தைக் கடந்தது யார், என்ன வயது என்றெல்லாம் பிறகு அம்மா சொல்லித் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம்.

தெரு முனை வரை பையன் பேசவே இல்லை. அப்புறம் போனை எடுத்து எதையோ தேடினான்.

"அத்தை, அந்த நம்பர் எங்கிட்ட இருக்கு. நாலு படம்."

நான் எதுவும் சொல்லவில்லை.

"அழிச்சிரவா?"

"வேண்டாம். அவர்கிட்ட காட்டாதே, போதும்."

போனைப் பையில் போட்டுக்கொண்டான்.